ஜூன் இரண்டாம் தேதி

ஜூலை 10, வியாழன்

காலையில் பெருந்துறையிலிருந்து நாட்டுக்கோழி முட்டை எட்டாயிரம் வந்தது. வண்டியில் எட்டு அட்டை நசுங்கியிருந்தது. டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தபோது பாவாயி வந்து, "திட்டறத நிறுத்துங்க. உங்க மருமகளுக்கு நாள் தள்ளியிருக்குதுங்க. டெஸ்ட்டுல ரெண்டு கோடு வந்துருச்சாமா" என்றாள். மிச்சத் திட்டு வாயிலேயே நின்றுவிட்டது. டிரைவருக்கு டீ சொன்னேன்.

என் வீட்டுக்காரி ருக்குமணி போய்ச் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. வீட்டில் வேறு பெண்பிள்ளை இல்லை. மாமனாரிடம் இதை எப்படிச் சொல்வாள் தாரணி? அதனால் பாவாயியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பாவாயி எங்கள் குஞ்சுப் பொரிப்பகத்தில் இருபது வருஷமாக முட்டை பார்க்கிறவள். விளக்கு மேல் முட்டையை வைத்த மாத்திரத்தில் கரு பிடித்திருக்கிறதா, கூமுட்டையா என்று சொல்லிவிடுவாள்.

தை மாதம் கல்யாணம். மாசியில் மகன் ரகு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். போன மாதம் 12ஆம் தேதி லீவில் வந்து, இந்த மாதம் 2ஆம் தேதி திரும்பிப் போனான். இருபது நாள் லீவு வீண்போகவில்லை.

ஜூலை 12, சனி

தாரணியை நாமக்கல்லில் ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப்போனேன். அவள் அம்மாவுக்கு முட்டிவலி, காவிரிக்கரை வேலூரிலிருந்து பஸ் ஏறி வர முடியாது. காத்திருந்தவர்களில் நான் ஒருவன்தான் ஆண். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தபோது தாரணியின் முகம் சரியில்லை. டாக்டரம்மாவே வாசல்வரை வந்து, "பை தெரியுதுங்க. துடிப்பு இன்னும் தெரியல. ரொம்பச் சீக்கிரம் வந்துட்டீங்க, அவ்வளவுதான். ஒன்பது பத்து நாள் போகட்டும்" என்றார்.

காரில் அழுதாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். "அம்மிணி, நம்ம பொரிக்கற மிஷின்ல நாலாம் நாள் வெளிச்சத்துல பாத்தா பாதி முட்டையில ஒண்ணுந் தெரியாது. ஏழாம் நாள் பாரு, அதே முட்டையில நரம்பு ஓடும். அவசரப்பட்டுத் தூக்கிப் போடறவந்தான் ஏமாறுவான்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "என்னையும் மிஷின்ல ஏத்திட்டீங்களா மாமா?"

நல்ல பெண். தரகர் காட்டிய ஏழு ஜாதகத்தில் நானே பொறுக்கியது.

ஜூலை 15, செவ்வாய்

இரண்டாவது மிஷினில் சூடு ஒரு டிகிரி ஏறிவிட்டது. மெக்கானிக் மதியம்தான் வந்தான்.

தாரணியின் அண்ணன் பூபதி ஆடி நோம்பிக்கு அழைக்க வந்தான். புதுப்பெண் ஆடி மாதம் தாய்வீட்டில் இருப்பதுதானே வழக்கம். "ஸ்கேன் முடியட்டும் மாப்பிள்ளை, அப்பறம் கொண்டாந்து விடறேன்" என்றேன். மாதுளை வாங்கி வந்திருந்தான். சின்னது. நான் நேற்று வாங்கியதே பெரியது.

ஜூலை 18, வெள்ளி

இன்னும் மூன்று நாள். ஒன்றும் ஓடவில்லை.

ஜூலை 21, திங்கள்

துடிக்கிறது.

நான் வெளியேதான் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வந்து, "தாரணி மாமனாருங்களா? உங்களைக் கூப்பிடச் சொன்னாங்க" என்றது. மறுபடி ஏதோ கோளாறு என்று பயந்துகொண்டே போனேன். தாரணி கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தாள். "மாமாவும் பாக்கட்டுங்க டாக்டர். அவரு ஊர்ல இல்லையில்ல, மாமாதான் அவருக்குச் சொல்லோணும்" என்றாள்.

திரையில் மழைநேரத்து டிவி மாதிரி ஒரே புள்ளி புள்ளி. நடுவில் கறுப்புப் பை. அதன் ஓரத்தில் மொச்சைக்கொட்டை அளவில் வெள்ளையாக ஒன்று. டாக்டரம்மா விரலால் காட்டினார். மொச்சையின் நடுவில் ஏதோ மினுங்கி அடங்கி, மினுங்கி அடங்கி. முட்டையில் நான் லட்சம் முறை பார்த்ததுதான். ஆனால் இந்த முறை துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

"நூத்தி முப்பத்திரண்டு. நல்ல துடிப்பு. ஏழு வாரம்ங்க, கரெக்டா ஏழு" என்றார் டாக்டரம்மா.

வரும் வழியில் பூ வாங்கிக் கொடுத்தேன். பாவாயி கையில் லட்டுப் பெட்டியைக் கொடுத்து மிஷின் ரூமில் எல்லாருக்கும் தரச் சொன்னேன்.

சாயங்காலம் ரகுவுக்குச் சொல்ல போனை எடுத்தவன், பிறக்கும் தேதியைக் கணக்குப் போட்டுச் சொல்லலாம் என்று காலண்டரை இழுத்தேன். ஏழு வாரம். நாற்பத்தொன்பது நாள். பின்னோக்கி எண்ணினேன். ஜூன் 2.

ரகு வந்தது ஜூன் 12.

மறுபடி எண்ணினேன். விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு எண்ணினேன். பிறகு அவள் மேஜைமேல் வைத்திருந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். இங்கிலீஷில் மூன்று எழுத்துப் போட்டு, பக்கத்தில் 02-06 என்று அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். நான் எண்ணி வந்த அதே தேதி.

எங்கள் தொழிலில் ஏழாம் நாள் முட்டை என்றால் மிஷினில் ஏற்றி ஏழு நாள். இருபத்தோராம் நாள் குஞ்சு வெளியே வரும். ஏற்றாத முட்டைக்கு நாள் ஏது?

ரகுவைக் கூப்பிடவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

இதே டைரியில் ஜூன் 2ஆம் தேதியைத் திருப்பினேன். என் கையெழுத்து: "தாரணி கோவை போனாள், பாங்க் பரீட்சை. மூன்று நாள்." வேறொன்றும் எழுதவில்லை.

காலை இட்லி வைத்தபோது சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். "போன மாசம் ரெண்டாந்தேதி நீ எங்கம்மிணி இருந்த?"

"கோயமுத்தூர்லீங்க மாமா. அன்னிக்கு நல்லா ஞாபகம் இருக்குது. சரியான வயித்துவலி. மாத்திரை போட்டுட்டு, குனிஞ்சமேனிக்கே பரீட்சை எழுதுனேன். அதான் ஊத்திக்கிச்சு. ஏனுங்க?"

"சும்மா. யார் கூடத் தங்குன?"

"காலேஜ் சினேகிதி ரூம்லீங்க."

வயிற்றுவலியாம். பதில் தடங்கலில்லாமல் வந்தது. தடங்கலில்லாமல் பேசுகிற வியாபாரியிடம் நான் சரக்கு எடுத்ததே இல்லை.

இன்னொரு இட்லி வைத்தாள். சாப்பிட்டேன்.

ஜூலை 23, புதன்

நானே வேலூரில் கொண்டுபோய் விட்டுவிட்டேன். ஆடிக்கு அனுப்புகிறேன் என்று நினைத்து அவளுக்கு ஒரே சந்தோஷம். அவள் அம்மா முட்டிவலியோடு வாசலுக்கு வந்து ஆரத்தி எடுத்தார். "ஆவணி ஒண்ணாந்தேதி வந்து கூட்டிக்குங்க மாமா. பிரஷர் மாத்திரை டிவிமேல இருக்குது, மறந்துராதீங்க" என்றாள். தலையாட்டினேன்.

ஆடி ஒரு வசதி. பெண் ஏன் தாய்வீட்டில் இருக்கிறாள் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

ஜூலை 24, வியாழன்

மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. ராசிபுரம் போய்த் தங்கச்சி பழனியாத்தாளிடம் கோவைப் பரீட்சைவரை எல்லாவற்றையும் சொன்னேன். ரகுவுக்கு அவள் மகளைக் கட்டாததில் அவளுக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் கூடப்பிறந்தவள்.

"எத்தன வாரம்னு சொன்னாங்கண்ணா?"

"ஏழு."

"ரகு எப்ப வந்தான்?"

"பன்னெண்டாந்தேதி."

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "நீங்க போட்ட கணக்கு எப்பத் தப்பிருக்குதுங்கண்ணா?" என்றாள். நான் கிளம்பும்போது, "நான் யாருகிட்டச் சொல்லப்போறேன்" என்றாள்.

ஜூலை 25, வெள்ளி

ரகுவுக்கு இன்று விடுமுறை. கூப்பிட்டுச் சொன்னேன். நல்லதோ கெட்டதோ, முகத்துக்கு நேராகச் சொல்வதுதான் என் வழக்கம்.

போனில் ஏசி ஓடுகிற ஓசை மட்டும் கேட்டது. "ரிப்போர்ட்டுலயே போட்டிருக்குதாங்கப்பா?" என்று ஒரு கேள்வி. ரிப்போர்ட்டைப் படம் எடுத்து, 02-06ஐச் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பினேன்.

ஜூலை 26, சனி

தாரணி போன் செய்தாள். அழவில்லை. அதுவே எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"மாமா, அந்த ரூமுக்குள்ள உங்களக் கூப்பிட்டவளே நாந்தானுங்க. அப்பவே டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவங்களே சொல்லியிருப்பாங்க. என்கிட்டக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். அத உட்டுட்டு எட்டாத தூரத்துல இருக்கறவருகிட்டப் போயிச் சொல்லியிருக்கீங்க."

"என்னத்தச் சொல்லியிருப்ப?" என்றேன்.

"இனி நான் சொல்லமாட்டேனுங்க" என்று வைத்துவிட்டாள்.

வைத்ததே ஒப்புக்கொண்டதுபோலத்தான் என்று அப்போது தோன்றியது.

ஜூலை 29, செவ்வாய்

ரகு கூப்பிட்டான். "அப்பா, நாம எண்ணுனது தப்புங்கப்பா. அவங்க அப்படி எண்ணமாட்டாங்க. அது வந்து... பொம்பளைங்களுக்கு மாசமாசம்..." என்று இழுத்தான். என்னிடம் அதைப் பேச அவனுக்குக் கூச்சம். கேட்க எனக்கும் கூச்சம். "பொண்டாட்டி நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கறா. போய் வேலையப் பாரு" என்றேன்.

பிறகு எதையோ அனுப்பியிருக்கிறான். இங்கிலீஷில், நீளமாக. திறக்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஊரே காவிரிக்குப் போயிற்று. நான் மிஷின் ரூமில் தட்டு கழுவினேன். மாத்திரை இரண்டு நாளாகப் போடவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

முட்டை பார்க்கிற ரூம் எப்போதும் இருட்டாக இருக்கும், விளக்கு மட்டும்தான். முகம் தெரியாததால் அங்கே ஆட்கள் தாராளமாகப் பேசுவார்கள். நான் வாசலில் நிற்பது தெரியாமல் ஒருத்தி, "கோயமுத்தூர்ல ஏத்துன முட்டையாமா" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். பாவாயி மட்டும் போகவில்லை.

"ஏனுங்க, எந்த நாள்ல இருந்து எண்ணுனீங்க?"

சொன்னேன். கையிலிருந்த முட்டையை அட்டையில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"கூச்சப்பட்டா ஆகாதுங்க, கேளுங்க. டாக்டருங்க, கடைசியாத் தூரமான நாள்ல இருந்துதான் எண்ணுவாங்க. கரு எப்பத் தங்குச்சுன்னு யாருக்குங்க தெரியும்? தூரமான தேதிதான் தெரியும். ஏழு வாரம்னா கரு தங்கி அஞ்சு வாரம்தான். முன்னால இருக்கற ரெண்டு வாரம் வயித்துல ஒண்ணுமே இருக்காது. ஆனாலும் கணக்குல ஏறிரும்."

"இது யாருக்குத் தெரியும்?"

"பிள்ளை பெத்த பொம்பளை எல்லாத்துக்கும் தெரியும்."

"பழனியாத்தாளுக்கு?"

பாவாயி முட்டையை எடுத்து விளக்கில் வைத்துத் திருப்பத் தொடங்கினாள்.

நேராக ஸ்கேன் சென்டருக்குப் போனேன். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இது அவங்களுக்குக் கடைசியா மாதவிடாய் வந்த தேதிங்க. கரு தங்குனது ஜூன் பாதியில இருக்கும். ஏன், என்ன சந்தேகம்?" என்றார்.

ஜூன் 2ஆம் தேதி வயிற்றுவலி என்றாளே. குனிந்தபடியே பரீட்சை எழுதினேன் என்றாளே.

ருக்குமணிக்கு முதலில் தங்கியது மூன்றாம் மாதம் கலைந்தது. பிறகு ரகு. அந்த நாளில் நான் சைக்கிளில் முட்டைக்கூடை கட்டிச் சந்தை சந்தையாகப் போய்க்கொண்டிருந்தேன். இதெல்லாம் என்னிடம் யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

பழனியாத்தாளிடம் போனேன். "உனக்குத் தெரியாதா?" என்றேன்.

"நீங்க கேட்டீங்களாண்ணா? கணக்கை முடிச்சுட்டுத்தானே வந்தீங்க" என்றாள். அவள் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் பொறுக்கவில்லை. எத்தனை பேரிடம் சொன்னாய் என்று கேட்டதற்கு, காபி சாப்பிடுகிறீர்களா என்றாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வேலூர் போனேன். சம்பந்தியம்மா உள்ளே போய்விட்டார். பூபதி நாற்காலி போட்டான், உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே பேசினேன்.

"தெரியாம நடந்துபோச்சு அம்மிணி. கிளம்பு, போலாம்."

தாரணி கொஞ்சம் இளைத்திருந்தாள். வாந்தி போலிருக்கிறது. "உங்க மகனும் ரெண்டு நாளு கேட்டாருங்க மாமா. 'உண்மையச் சொல்லு, கோவிச்சுக்கமாட்டேன்'னு கேட்டாரு. மூணாம் நாளு அவரே எங்கியோ படிச்சுட்டு அழுதாரு. அவர நான் பாத்துக்கறேன். நீங்க ஒண்ணு பண்ணோணும்."

"சொல்லு."

"ஆவணி ஒண்ணாந்தேதி உங்க குலதெய்வக் கோயில்ல பொங்கல் வெப்பீங்கல்ல, பங்காளி எல்லாம் வருவாங்கல்ல? அங்க எல்லாருக்கும் முன்னால, 'நான் எண்ணுனது தப்பு, என்ற மருமக மேல தப்பில்ல'ன்னு சொல்லோணும். அவ்வளவுதானுங்க. அன்னிக்கே உங்க கூட வந்தர்றேன். பிள்ளை அந்த வீட்டுலயே பொறக்கட்டும். இல்லைன்னா வரமாட்டேன்."

"கால்ல வேணா விழுகறேன்" என்றேன்.

"கால்ல விழுந்தா எனக்கு மட்டுந்தானுங்க தெரியும்" என்றாள்.

நியாயமான பேரம். ஒப்புக்கொண்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சொல்லவேண்டிய இரண்டு வரியை மிஷின் ரூமில் சொல்லிப் பார்த்தேன். சிரமம் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. நூற்றைம்பது பேர் இருக்கும். தாரணி பூபதியோடு வந்து ஓரமாக நின்றாள், பச்சைச் சேலை. பெண்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைத்தான் பார்த்தார்கள். இரண்டு கிழவிகள் விரல் மடிப்பதை நானே பார்த்தேன்.

பொங்கல் இறக்கியதும் எழுந்து நின்றேன். இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள், என்னிடம் குஞ்சு எடுப்பவர்கள். அர்த்தநாரி சொன்னால் சொன்ன நாளில் பொரிக்கும் என்பது நான் முப்பது வருஷம் உழைத்துச் சேர்த்த பெயர். பழனியாத்தாள் முன்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனப்பாடம் செய்த இரண்டு வரியும் வாய்வரை வந்தது.

"என்ற மருமகளப் பத்தி ஒரு பேச்சு ஓடுது. அந்த ஸ்கேன் சென்டர்ல ரிப்போர்ட்டுல தேதியத் தப்பா அடிச்சுட்டாங்க. இப்பத் திருத்திக் குடுத்துட்டாங்க. அதனால இனி யாரும் அதப் பேசக்கூடாது" என்றேன்.

நன்றாகத்தான் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை. பேச்சை நிறுத்த வேண்டும், அதுதானே நோக்கம். நிறுத்த எது வசதியோ அதைச் சொன்னேன். "அதான பாத்தேன், இந்த ஆசுபத்திரிக்காரங்களே இப்படித்தான்" என்று பெரியவர் ஒருவர் சொல்லவும் செய்தார்.

தாரணி நின்ற இடத்திலிருந்தே பேசினாள். சத்தமாகக்கூட இல்லை.

"ரிப்போர்ட்டு சரிதானுங்க மாமா. ஒரு எழுத்தும் திருத்தல. அது சரியா இருக்கறதுனாலதான் நானும் சரி. அது தப்புன்னு நீங்க சொன்னா, நானும் தப்புன்னு ஆயிரும். புரியுதுங்களா?"

நான் பதில் சொல்லியிருக்கலாம். அப்போதும் நேரம் இருந்தது. அவள் எனக்காக நின்றாள். பொங்கல் பானையில் ஆவி அடங்கும்வரை நின்றாள். பிறகு பூபதியிடம், "போலாம்ணா" என்றாள்.

எல்லாருக்கும் இலை போட்டோம். வடை கொஞ்சம் கருகிவிட்டது.

ஆகஸ்ட் 20, புதன்

பெருந்துறை முட்டை ஆறாயிரம். ரகு போனில், "அஞ்சாம் மாசம் அவளுக்கு விசா போடறேங்கப்பா. பிள்ளை இங்கயே பொறக்கட்டும்" என்றான். "இங்க என்ன குறை?" என்றேன். "உங்களுக்கே தெரியும்" என்றான். வருஷத்துக்கு ஒருமுறையாவது வருவாயா என்று கேட்பதற்குள் மேஸ்திரி கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்று பன்னிரண்டு வாரம். அடுத்த ஸ்கேன் இன்றுதான் என்று அந்த ரிப்போர்ட்டிலேயே எழுதியிருந்தது. காலை ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். பேசப் போகவில்லை. தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வரலாம் என்றுதான்.

பதினொன்று வரை அவள் வரவில்லை. கவுன்ட்டரில் கேட்டேன். பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, "அவங்க ஃபைலை வாங்கிட்டுப் போயிட்டாங்களே, கரூர்ல காட்டறாங்களாம். நீங்க யாருங்க அவங்களுக்கு?" என்றது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மறுபடி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்து போக உடனே முடியவில்லை.

பக்கத்தில் ஒரு இளவட்டம், கையில் மனைவியின் பையும் செருப்பும். முதல் ஸ்கேன் போலிருக்கிறது, காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். பேச்சுத்துணைக்கு என்னைப் பார்த்து, "பேரனுங்களா, பேத்தியுங்களா?" என்று கேட்டுவிட்டு, "அது சொல்லமாட்டாங்கல்ல" என்று தானே சிரித்தான்.

"முதல் பேரப்பிள்ளைங்க" என்றேன்.

"துடிப்பெல்லாம் வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சு. நூத்தி முப்பத்திரண்டு. நல்லா இருக்குது."

அது பொய்யில்லை. ஜூலை 21ஆம் தேதி நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு எப்படியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.